ஒத்திகையில் இல்லாத அப்பா

மேற்பார்வையாளர் வருகிறார் என்றால் முதல்நாளே பாடத்தை ஒத்திகை பார்த்துவிடுவது இலோய்லோ மாகாணத்துப் பள்ளிகளில் யாரும் வெளியே சொல்லாத வழக்கம். எட்டாம் வகுப்பு அறிவியல் ஆசிரியை மாரிவிக் அதற்குப் புது வழி ஒன்று கண்டிருந்தாள். தன் வகுப்புக்காக நடத்திவந்த இணையப் பக்கத்தில், மறுநாள் நடத்தப்போகும் வினாடி வினாவின் இணைப்பை முந்தின மாலையே போட்டுவிட்டாள். பிள்ளைகள் வீட்டிலேயே விளையாடிப் பழகிக்கொள்ளட்டும் என்று.

அவளுக்கு வேண்டியது பாராட்டு அல்ல, கரும்பலகை அளவுத் தொடுதிரை. பள்ளியிலிருந்த ஒரே தொடுதிரையைத் தலைமையாசிரியர் கல்யெகோ தன் அறையில் பூட்டி வைத்திருந்தார். விருந்தாளி வந்தால் மட்டும் அது வெளியே வரும். அது சும்மா கிடக்கும் சேதி மேற்பார்வையாளர் பல்மாரெஸ் அம்மையாரின் காதுக்கு எட்டிவிட்டது. பாடத்தை நேரில் பார்த்து முடிவு சொல்கிறேன் என்றார். ஒன்று, திரை மாரிவிக்கின் வகுப்பில் நிரந்தரமாக நிற்கும்; அல்லது கடற்கரையோரப் பெரிய பள்ளிக்குப் போய்விடும்.

மறுநாள் தொடுதிரை வகுப்புக்கு வந்தது; பல்மாரெஸ் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தார். பிள்ளைகள் கைப்பேசியில் இணைப்பைத் தட்ட, அவர்கள் பெயர்கள் திரையில் ஒவ்வொன்றாக முளைத்தன. வகுப்பின் முப்பத்தெட்டுப் பேரோடு நிற்க வேண்டியது நிற்கவில்லை. ‘ரீயா அம்மா, குவைத்’ என்று ஒரு பெயர் வந்தது. அடுத்து ‘ஜோவெலின் அப்பா, கப்பல்’. பின்னாலேயே ஒரு சித்தி, இரண்டு பெரியம்மாக்கள்.

மாரிவிக்குக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த இணையப் பக்கத்தைப் பிள்ளைகளைவிட அதிகமாகப் பார்ப்பவர்கள் வெளிநாட்டில் வேலை செய்யும் பெற்றோர்கள்தான். இணைப்பைப் போடும்போது அது நினைவில் இல்லாமல் போயிற்று.

கல்யெகோ பக்கத்தில் வந்து முணுமுணுத்தார். "மேம், அந்தப் பேரையெல்லாம் எடுத்துடுங்க. ஒரு தட்டு தட்டினா போயிடும்ல?"

போய்விடும்தான். விரலைத் திரைக்கு அருகே கொண்டுபோனவள், முன்வரிசையில் இருந்த ஜோவெலின் தன் அப்பாவின் பெயரையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டாள். அவர் வீட்டுக்கு வந்து போய் ஒரு வருஷத்துக்கு மேலாகிறது.

"இருக்கட்டும் சார்" என்றாள்.

முதல் கேள்வி: ஆணி தண்ணீரில் மூழ்குகிறது, அத்தனை பெரிய இரும்புக் கப்பல் எப்படி மிதக்கிறது? கேள்வியைப் படித்து முடிக்கும் முன்பே முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் சரியான விடையை அழுத்திவிட்டார்கள். பல்மாரெஸின் புருவம் உயர்ந்தது. எத்தனை ஒத்திகைகளைப் பார்த்தவர்! குறிப்பேட்டில் ஏதோ எழுதினார். தொடுதிரை கடற்கரைக்குக் கிளம்பிவிட்டது என்றே மாரிவிக் நினைத்தாள்.

அப்போதுதான் தப்பான விடைகள் வரத் தொடங்கின. பெரியம்மாக்கள் கடல்நீரின் உப்பால் என்றார்கள். கப்பலிலேயே காலம் தள்ளும் ஜோவெலினின் அப்பாவோ ‘எஞ்சின் ஓடுவதால்’ என்பதை அழுத்தியிருந்தார். வகுப்பே சிரித்து உருண்டது.

"அவரு எஞ்சின் ரூம்ல வேலை பார்க்கிறாரு மேம்" என்றாள் ஜோவெலின், முகம் சிவந்து. "அவருக்கு எல்லாமே எஞ்சின்தான்."

பல்மாரெஸ் எழுந்து முன்னால் வந்தார். "அப்பாவுக்கு வீடியோவில போன் போடு. ஏன் தப்புன்னு நீயே அவருக்குச் சொல்லு."

அழைப்பு எடுக்கப்பட்டது. எண்ணெய்க் கறை படிந்த ஒரு முகம், "என்னம்மா, நான் ஃபெயிலா?" என்றது. ஜோவெலின் கைப்பேசியைப் பெரிய திரைப் பக்கம் திருப்பிப் பிடித்து, அதில் விரலால் கப்பலை வரைந்தாள், அது ஒதுக்கித்தள்ளும் தண்ணீரை வரைந்தாள். அந்தத் தண்ணீரின் எடையும் கப்பலின் எடையும் சமம் என்றாள்.

"சரி, இங்க துறைமுகத்துல ஆயிரம் டன் ஏத்துறோம். எடை கூடுதே, அப்போ ஏன் முங்கல?" என்று கேட்டார் அப்பா.

இந்தக் கேள்வி எந்த இணைப்பிலும் இல்லை. ஜோவெலின் திரும்பி மாரிவிக்கைப் பார்த்தாள். மாரிவிக்கின் வாய்வரை வந்துவிட்டது பதில். உதட்டைக் கடித்துக்கொண்டாள். கல்யெகோ வேர்வையைத் துடைத்தார்.

சிறுமி வரைந்த கப்பலை அழித்தாள். அதையே இன்னும் கொஞ்சம் கீழே இறக்கி வரைந்தாள். பின்வரிசைப் பையன் ஒருவன் எழுந்து வந்து, ஒதுங்கும் தண்ணீரை அகலமாக்கினான்.

"கீழ இறங்கும்பா. இறங்கினா இன்னும் நிறையத் தண்ணியைத் தள்ளும். அது போதுமான அளவு வந்ததும் நின்னுடும்."

"அட, ஆமா. சரக்கு ஏறினா கப்பலோட பக்கவாட்டுல போட்ட கோடு தண்ணியை நோக்கிக் கீழ போகுமே" என்றார் அப்பா.

பல்மாரெஸ் குறிப்பேட்டில் எழுதியதைக் குறுக்கே அடித்தார். "முதல் கேள்வி ஒத்திகைதானே?" என்று மாரிவிக்கிடம் கேட்டார்.

"ஆமா மேம்."

"இது இல்ல. இதை யாரும் ஒத்திகை பார்க்க முடியாது." பிறகு கல்யெகோவிடம் திரும்பினார். "திரை இந்த ரூம்லயே இருக்கட்டும் சார். அதோட பூட்டுச் சாவியும் இவங்ககிட்டயே."

சமையற்கட்டில் அம்மையாருக்காகச் செய்த பஞ்சித் நூடுல்ஸ் ஆறிக்கொண்டிருப்பதாகக் கல்யெகோ நினைவுபடுத்தினார். அதற்குள் கைப்பேசியிலிருந்து குரல் வந்தது. "மேம், அடுத்த கேள்வி எப்போ? எனக்கு ஷிஃப்ட் ஆரம்பிக்கப் போகுது."

பல்மாரெஸ் மறுபடியும் உட்கார்ந்துவிட்டார். மாரிவிக் அடுத்த கேள்வியைத் தட்டினாள்.