வேலைக்குப் போகும் நாவல்

நெடுங்குளத்தில் நாவல் எழுத விரும்புகிறவர், அந்த நாவலை முதலில் குடும்ப அட்டையில் சேர்க்க வேண்டும். விண்ணப்பம் ஏற்கப்பட்ட நாற்பத்தைந்து நாட்களுக்குள் நாவல் வீட்டுக்கு வந்து சேரும். எந்த வயதில் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வந்த நாவல் வீட்டில் தங்கும், உண்ணும், உறங்கும். வீட்டுக்காரர் அதைப் பார்த்துப் பார்த்து எழுதுவார். கடைசி வரி எழுதப்பட்டதும் அது புறப்பட்டுப் போகும். அதன் பிறகு அட்டையிலிருந்து பெயரை நீக்கிவிட வேண்டும். நீக்காமல் அதன் பங்குச் சர்க்கரையை வாங்கித் தின்கிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்களைப் பற்றி இங்கே பேச்சில்லை.

தவமணி அவ்வூர்ப் பெண்கள் பள்ளியில் கணித ஆசிரியை. இருபத்தொன்பது ஆண்டுகளில் கரும்பலகையில் ஒரு தவறும் எழுதியதில்லை. அதை அவள் வாய்விட்டுச் சொன்னதும் இல்லை. சொல்லாமலே ஊருக்குத் தெரியும்படி நடந்துகொண்டாள்.

அவளுடைய முதல் நாவல் எட்டு மாதக் குழந்தையாக வந்தது. ஒரு துண்டில் சுற்றி யாரோ வாசலில் வைத்திருந்தார்கள். மடியில் கிடத்திக்கொண்டுதான் அதை எழுத முடிந்தது. அது உறங்கும்போது வாக்கியங்கள் நீண்டன. விழித்தால் நறுக்கென்று முடிந்தன. ஒரு தவறான வாக்கியம் எழுதினால் உடனே அதன் உடம்பு சுடும். தவமணி தவறு எழுதும் பழக்கமில்லாதவள் ஆகையால் மூன்று ஆண்டுகளில் இரண்டே முறைதான் காய்ச்சல் வந்தது. அவ்விரண்டும் பருவநிலையால் வந்தவை என்பது அவள் கருத்து. அவள் கணவர் செல்லப்பாண்டியன், மின்வாரியத்தில் கம்பம் ஏறி ஓய்வுபெற்றவர், மாலையில் அதைத் தோளில் போட்டுக்கொண்டு தெருமுனை வரை நடப்பார். அத்தியாயத்துக்கு ஒரு பல் முளைத்தது. இருபதாம் பல் முளைத்த அன்று, அது தானாகவே நடந்து வாசற்படி இறங்கிப் போயிற்று.

நாவல் எழுதுவது எப்படி என்று தவமணிக்குத் தெரிந்துவிட்டது. நூலக வாசகர் வட்டத்தில் அது குறித்து ஒரு மணி நேரம் பேசினாள். தொட்டில், வெந்நீர், பிழையின்மை என்று மூன்று தலைப்புகள். கேட்டவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டார்கள்.

இரண்டாவது நாவலுக்கு விண்ணப்பித்த அன்றே உத்தரத்தில் தொட்டில் கட்டினாள். நாவல் எழுபத்தொரு வயதில் வந்தது. கையில் இரும்புப் பெட்டி, மேல்துண்டு, கண்ணில் புரை. தவமணி அவரைத் தொட்டிலில் படுக்க வைத்தாள். அவர் மரியாதை தெரிந்தவர். மறுப்புச் சொல்லாமல், கால்கள் இரண்டும் வெளியே தொங்க, நாற்பது நாள் அதில் கிடந்தார். ஒரு வரியும் வரவில்லை. தவமணி காலையும் மாலையும் ஆட்டிப் பார்த்தாள்.

நாற்பத்தொன்றாம் நாள் செல்லப்பாண்டியன் சொன்னார்: "நானும் பார்த்துக்கிட்டே இருக்கேன். அந்த மனுஷனுக்கு ஒரு நாற்காலியப் போட்டாத்தான் என்ன?"

நாற்காலி போட்டதும் அவர் சொல்லத் தொடங்கினார். முடிவிலிருந்து முதல் நோக்கிச் சொன்னார். தவமணி குறுக்கே பேசாமல் எழுதினாள். இந்த முறை அவளுடைய வேலை கேட்பது மட்டுமே. பதினொரு மாதத்தில் தம் பிறப்பு வரை வந்து, காலைப் பேருந்தில் ஏறிப் போனார்.

ஆக, மூன்றாவதற்கு அவள் முழுமையாக ஆயத்தமானாள். ஒரு பக்கம் தொட்டில், மறுபக்கம் நாற்காலி. வருவது குழந்தையோ கிழமோ, இரண்டில் ஒன்றுதானே. ஒரு கணித ஆசிரியை எல்லா வாய்ப்புகளையும் கணக்கில் எடுத்துக்கொண்டதாக நம்பியது அதுவே முதல் முறையும் கடைசி முறையும் ஆகும்.

மூன்றாவது நாவல் ஞாயிற்றுக்கிழமை மாலை வந்தது. வயது முப்பத்துநான்கு. கைத்தறிப் புடவை, தோளில் பை, கையில் மூன்றடுக்குச் சாப்பாட்டுக் கேரியர். தொட்டிலையும் நாற்காலியையும் ஒரு பார்வை பார்த்தாள். "போன் சார்ஜ் போட பிளக் எங்கேங்க இருக்கு?" என்று கேட்டாள். குளித்தாள், சாப்பிட்டாள், படுத்தாள். மறுநாள் காலை எட்டேகாலுக்குப் புறப்பட்டுவிட்டாள். அவளுக்கு வேலை இருந்தது.

நாவலை வரவேற்பதற்கென்று தவமணி அன்று பள்ளிக்கு விடுப்புப் போட்டிருந்தாள். பதினொரு மணிக்கு வாசல் கேட்டருகே ஆய்வாளர் வந்து நின்றார். புதிதாக வந்த நாவல் வீட்டில் மெய்யாகவே இருக்கிறதா என்று மூன்று மாதத்தில் மூன்று முறை வந்து சரிபார்ப்பது வழக்கம். ஆய்வாளர் கேட்டைத் தாண்டி உள்ளே வருவதில்லை; சரிபார்க்கும் வீட்டில் தண்ணீரும் குடிப்பதில்லை. வெளியே நின்று அட்டை எண்ணை மூன்று முறை கூப்பிடுவார். உள்ளிருந்து நாவல் பதில் கொடுக்க வேண்டும். முதல் நாவல் அழுதது. இரண்டாவது இருமினார். மூன்று வருகையிலும் பதில் இல்லையென்றால், நாவல் காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும்.

ஆய்வாளர் கைத்தறிப் புடவை உடுத்தியிருந்தாள். தோளில் அதே பை.

"நானூற்றுப் பன்னிரண்டு," என்று மூன்று முறை கூப்பிட்டாள். பிறகு தவமணியிடம், "வீட்டில் நாவல் இல்லைங்களா?" என்று கேட்டாள்.

"இல்லை. வேலைக்குப் போயிருக்கிறாள்."

"எத்தனை மணிக்கு வருவாங்க?"

"ஏழுக்கு வருவாள் என்று நினைக்கிறேன்."

"நாங்க அஞ்சு மணிக்கு மேல பார்க்கிறதில்லைங்க." பதிவேட்டில் 'இல்லை' என்று எழுதிக் கையொப்பம் வாங்கிக்கொண்டாள்.

அன்று ஏழு மணிக்கு நாவல் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, சாப்பிட உட்கார்ந்தாள். "இன்னிக்கு மேலத் தெரு. எல்லா வீட்டுலயும் நாவல் இருந்துச்சு. ஒரே ஒரு வீட்டுலதான் இல்லை," என்றாள்.

"கேட்கவே கஷ்டமா இருக்கு. இன்னொரு தோசை வைக்கட்டா?" என்றார் செல்லப்பாண்டியன்.

தவமணி தனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தாள். நாவலின் தலையை மடியில் வைத்து எண்ணெய் தேய்த்தாள். நாவல் நன்றி சொல்லி எழுந்துபோய் அலசிக்கொண்டாள். நாற்காலியில் உட்கார வைத்து, பேனாவும் தாளுமாக எதிரே அமர்ந்தாள்; நாவல் மறுநாளைய வீடுகளின் பட்டியலை வாசித்தாள். தவமணி அதையே எழுதினாள். எத்தனை தெரு, எத்தனை வீடு, எந்த வீட்டில் நாவல் எருமைக் கன்றாக நிற்கிறது, எந்த வீட்டில் நிறைமாதமாக இருக்கிறது, எல்லாம் ஒரு பிழையும் இல்லாமல் எழுதினாள். விடிந்து பார்த்தால் தாள் வெள்ளையாக இருந்தது. இப்படி ஐந்து வாரம். இரண்டாம் சரிபார்ப்பும் வந்து, 'இல்லை' என்று பதிவாகிப் போயிற்று.

காத்திருப்போர் பட்டியலில் அடுத்த பெயர் சங்கரலிங்கம். வக்கீல் குமாஸ்தா, இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தார். விண்ணப்பம் ஏற்கப்படாமல் பதினோரு ஆண்டுகளாக ஒரு நாவலுக்குக் காத்திருந்தார். நாள்தோறும் மாலையில் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

"டீச்சர், நேத்து உங்க நாவல் எங்க வீட்டு வாசல்ல நின்னு குடைய விரிச்சுது. பழகிக்கிடுச்சு போல."

"அவள் உங்கள் எதிர்வீட்டைச் சரிபார்க்க வந்திருப்பாள்."

"இருக்கலாம், இருக்கலாம். நான் எதுக்கும் புதுப் போர்வை ரெண்டு வாங்கி வச்சிருக்கேன். அண்ணாச்சி, அவளுக்குப் புளிக்குழம்பு ஒத்துக்கிடுமா?"

"வே, உம்ம குழம்பு உமக்கே ஒத்துக்கிடாதே வே," என்றார் செல்லப்பாண்டியன்.

தவமணி உள்ளே போய்விட்டாள். இரண்டு நாவல் முடித்தவள் மூன்றாவதைக் குமாஸ்தாவிடம் பறிகொடுப்பது என்பது அவள் அகராதியில் இல்லாத செய்தி.

மூன்றாம் சரிபார்ப்புக்கு நான்கு நாள் இருந்தபோது ஒன்று நடந்தது. மேலத் தெருவில் எட்டு வீடு. அன்று நாவல் அசதியில் பேசாமல் படுத்துவிட்டாள்; செல்லப்பாண்டியன்தான் ஏழு என்று சொன்னார். தவமணி அவரை நம்பி ஏழு என்று எழுதினாள். விடிந்து பார்த்தால், தாளில் அந்த ஒரு வரி மட்டும் அழியாமல் நின்றது. ஓரத்தில் சிவப்பு மையில், ஆய்வாளரின் கையெழுத்தில், 'எட்டு. எட்டாவது வீட்டுக்காரி தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அவள் முகம் வாடிற்று' என்று இருந்தது.

தவமணி அதை இரண்டு முறை படித்தாள். நாற்பது நாளில் வந்த முதல் நல்ல வாக்கியம் அது. தன்னுடைய பிழையால் வந்தது. முதல் நாவலுக்குக் காய்ச்சலாக இருந்தது மூன்றாவதற்கு உணவாக இருந்தது. இதில் முறையிட யாருமில்லை.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு ஆய்வாளர் கேட்டருகே வந்து நின்றாள். சங்கரலிங்கம் போர்வைகளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். மதிய வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் நாலைந்து பேர், டீச்சர் வீடு என்பதால், நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"நானூற்றுப் பன்னிரண்டு."

அன்றும் விடுப்பெடுத்திருந்த தவமணி கூடத்தில் நாற்காலியில் அமர்ந்து, தெருவுக்குக் கேட்கும்படி வாசித்தாள். "கீழத் தெருவில் ஆறு வீடு."

"ஒன்பது," என்றாள் ஆய்வாளர், நின்ற இடத்திலிருந்தே. எழுதிக்கொள்ளவில்லை. "நானூற்றுப் பன்னிரண்டு."

"எருமைக் கன்று நிற்பது செட்டியார் வீட்டில்."

"தபால்காரர் வீட்டுல. அதுக்கு ஒரு காது மடங்கியிருக்கும்." ஆய்வாளரின் கை கேட்டின் தாழ்ப்பாளில் இருந்தது. ஆனால் திறக்கவில்லை. எண்ணிக்கைப் பிழைகளையும் பெயர்ப் பிழைகளையும் வெளியிலிருந்தே திருத்திவிட முடிகிறது என்று தவமணி கண்டாள். உள்ளே வந்து, உட்கார்ந்து, தாளில் கோடு இழுத்தால்தான் திருத்த முடியும் என்கிற பிழை வேண்டும். அப்படி ஒன்று அவளுக்குத் தெரியும். தெருவில் நின்ற பெண்கள் நாலைந்து பேருக்கும் அவள்தான் கற்பித்தவள்.

"நானூற்றுப் பன்னிரண்டு," என்றாள் ஆய்வாளர் மூன்றாம் முறை.

தவமணி முதுகை நிமிர்த்திக்கொண்டாள். இருபத்தொன்பது ஆண்டுக் குரலில், ஒவ்வொரு சொல்லையும் பிரித்து வாசித்தாள்: "எந்த முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் கூட்டினாலும் இருநூறு பாகை வரும்."

ஒரு பெண் தோழியின் கையைக் கிள்ளினாள். "டீச்சருக்கேவா!" என்றார் சங்கரலிங்கம், போர்வைகள் கீழே விழுந்தன.

ஆய்வாளர் கேட்டைத் திறந்தாள். செருப்பைக் கழற்றினாள். கூடத்துக்கு வந்து, தரையில் உட்கார்ந்து, தவமணியின் கையிலிருந்த தாளை வாங்கி ஒரு முக்கோணம் வரைந்தாள். உச்சி வழியாக அடிக்கோட்டுக்கு இணையாக ஒரு கோடு இழுத்தாள். கோணங்களைக் குறித்தாள். பொறுமையாக நிரூபித்தாள். தவமணி, அந்த நிரூபணத்தை ஆயிரம் முறை எழுதியவள், அதை முதன்முறையாகக் கேட்கிறவளைப் போலக் கேட்டுக்கொண்டாள். அது எளிதன்று.

கடைசி வரியின் கீழ்க் கோடிட்டதும் நாவல் தலையை உயர்த்தி, வாசலைப் பார்த்து, "இருக்கேன்," என்று சொன்னாள். பிறகு எழுந்து, வெளியே போய், கேட்டைச் சாத்திக்கொண்டு, பதிவேட்டில் 'உண்டு' என்று எழுதினாள்.

"கையெழுத்துப் போடுங்க டீச்சர்."

சங்கரலிங்கம் போர்வைகளைத் தட்டி மடித்து எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். பட்டியலில் தம் இடம் மாறவில்லை என்பதைத் திங்கட்கிழமை அலுவலகத்தில் போய் உறுதிசெய்துகொண்டார்.

அதன் பின் பதினான்கு மாதம் எழுத்து நடந்தது. தவமணி நாளுக்கு ஒரு பிழை செய்தாள்; நாவல் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் அதைத் திருத்தினாள்; திருத்தம் பிழையைவிடப் பத்து மடங்கு நீளமாக இருந்தது. பிழை செய்வது எளிது என்று நினைக்கிறவர்கள் செய்து பார்க்கலாம். கவனக்குறைவான பிழையை நாவல் மதிப்பதில்லை. ஒவ்வொன்றையும் காலையிலிருந்து யோசித்து, சரியானது எதுவென்று முற்றும் அறிந்து, அதற்கு மிக அருகில், ஆனால் அதுவல்லாத இடத்தில் வைக்க வேண்டியிருந்தது. பள்ளியில் தவமணி முன்பு போலவே பிழையின்றி எழுதினாள். ஆனால் பிழையாக எழுதிய பெண்ணை நிறுத்தி, அதை எப்படி எழுதினாய் என்று விசாரிக்கத் தொடங்கியிருந்தாள்.

கடைசி வரி எழுதிய அன்று நாவல் தன் பெயரைத் தானே அட்டையிலிருந்து நீக்கி, அதற்கான சீட்டைத் தவமணியிடம் கொடுத்துவிட்டு, மாற்றலாகி வேறு வட்டத்துக்குப் போனாள். வாசகர் வட்டத்தார் மீண்டும் பேச அழைத்தார்கள். நாவல் எழுதுவது எப்படி என்று தனக்குத் தெரியாதென்றும், இதுவரை மூன்று எழுதியிருப்பதாகவும் தவமணி பதில் எழுதினாள். இரண்டும் சரியான வாக்கியங்கள்.

நான்காவதற்கு அவள் எந்த ஆயத்தமும் செய்யவில்லை. நாற்பத்தைந்தாம் நாள் யாரும் வரவில்லை. தபாலில் புதிய அட்டை மட்டும் வந்தது. குடும்பத் தலைவர் என்ற இடத்தில் அறியாத ஒரு பெயர் இருந்தது. முகவரி இரண்டு மணி நேரப் பயணத்தில் இருந்த வேறோர் ஊர். உறுப்பினர்கள் வரிசையில், நாவலின் பெயர் வர வேண்டிய இடத்தில், தவமணி, செல்லப்பாண்டியன் என்று இருந்தது. இருவரும் வீட்டைப் பூட்டிச் சாவியைச் சங்கரலிங்கத்திடம் கொடுத்துவிட்டுப் பேருந்து ஏறினார்கள்.

அங்கே கதவைத் திறந்த குடும்பத் தலைவர் தவமணியை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க எத்தனையாவது கைப்பிரதி?"

"நான்காவது," என்றாள் தவமணி, அவர் தோளுக்குப் பின்னால் தெரிந்த மூன்று தலைகளை எண்ணிவிட்டு.

"நல்ல நேரத்துக்கு வந்தீங்க. இலை போட்டாச்சு."

கூடத்தில் மூன்று தவமணிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி கொஞ்சம் இளைத்திருந்தாள், ஒருத்தி இடதுகைக்காரி, மூன்றாமவள் பாட்டு ஆசிரியை என்று பிறகு தெரிந்தது. செல்லப்பாண்டியனுக்குத் திருத்தம் எதுவும் தேவைப்பட்டிருக்கவில்லை. அவர் ஒருவரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பரிமாறத் தொடங்கினார். மூவரும் சற்று நகர்ந்து இடம் விட்டார்கள். தவமணி கை கழுவிவிட்டு வந்து அமர்ந்தாள். ரசம் நன்றாக இருந்தது.