லிஃப்ட் மெக்கானிக்கின் கல்லீரல்

1

இந்தக் கதை எனக்கு ஒரு ஸ்கேன் சென்டரில் கிடைத்தது. பக்கத்து நாற்காலியில் ஓர் அம்மா தன் கணவரை வறுத்தெடுத்துக்கொண்டிருந்தார். ஒட்டுக்கேட்பது தப்புதான். ஆனால் காதை எங்கே கழற்றி வைப்பது? கேட்டது கொஞ்சம், மீதி நானே இட்டுக்கட்டியது.

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: 'மனித உடல் என்பது ஒரு மாபெரும்...' சீ, வேண்டாம். நேராகவே சொல்கிறேன். அந்தக் கணவர் லிஃப்ட் மெக்கானிக். பல வருடமாகச் சர்க்கரை நோய். குடி அறவே கிடையாது. ஸ்கேனில் பார்த்தால் கல்லீரல் முழுக்கக் கொழுப்பு.

2

"குடிக்காத ஆளுக்கு ஈரல் எப்படிங்க இப்படி ஆகும்?" என்றார் மனைவி. "சட்டையில தினமும் வாடை வருது. நான்தான் வாயைத் திறக்காம இருந்தேன்."

வாடை வந்தது நிஜம். லிஃப்ட் பட்டனுக்குப் பின்னால் இருக்கும் கம்பி முனைகளை அவர் ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பார். கையைச் சட்டையில் துடைத்துக்கொள்வார். இதைச் சொன்னார். குடிக்கிறவர்கள் சொல்லும் சாக்கு மாதிரியே இருந்தது, பாவம்.

(எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நான் பார்க்காதபோது என் கதாபாத்திரம் குடிக்கிறாரோ? இரண்டு நாள் எழுதாமல் வேவு பார்த்தேன். மனுஷன் சுத்தம்.)

அவருடைய அண்ணனுக்கும் சர்க்கரைதான். கண்டதையும் வெளுத்துக்கட்டுகிற ஆசாமி. ஈரல் பளிச்சென்று இருக்கிறது. "உங்க அண்ணனுக்கு மட்டும் ஏன் வரலை?" என்று மனைவி கேட்டதும் இவருக்கு மனசு விட்டுப்போனது.

"ஊரே நம்பட்டும், நீ நம்பலைன்னா எனக்கு என்ன இருக்கு?" என்றார்.

3

டாக்டர் மரபணுச் சோதனை எழுதிக்கொடுத்தார். (இங்கே கதை கட்டுரையாகிறது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.) கல்லீரலில் கொழுப்பு தேங்காமல் பார்த்துக்கொள்வதில் சில மரபணுக்களுக்குப் பங்கு உண்டு. அவற்றில் ஒன்று சற்று மாறியிருந்தால் கொழுப்பு அங்கேயே தங்கிவிடும். சர்க்கரையும் கூடச் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். இவருக்கு அந்த மாற்றம் அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று இரட்டையாக வந்திருந்தது. அண்ணன் தப்பித்துவிட்டார்.

"குடியெல்லாம் இல்லம்மா, இது பிறவியிலேயே வந்தது," என்றார் டாக்டர். "எடையைக் குறைச்சு, சர்க்கரையைக் கட்டுல வெச்சா சமாளிச்சிடலாம்."

"அப்ப எங்க பொண்ணுக்கு?"

"இவர்கிட்டேர்ந்து ஒண்ணு கண்டிப்பா போயிருக்கும். உங்ககிட்டேர்ந்தும் ஒண்ணு போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம். டெஸ்ட் எடுத்தா தெரியும்."

4

முடிவு ஒன்று: மனைவி மன்னிப்புக் கேட்கிறார், இருவரும் கைகோத்து... இல்லை, இவர்கள் கைகோக்கிற ஜோடி இல்லை.

முடிவு இரண்டு: மனைவி ரிப்போர்ட்டையும் நம்பாமல் சட்டையை மோந்து பார்க்கிறார். சிரிப்பு வரும். ஆனால் அந்த அம்மாவுக்கு அநியாயம்.

எனக்குச் சரியென்று பட்டது இதுதான். பஸ் ஸ்டாப்பில் நிற்கிறார்கள்.

"இப்பவாவது நம்பறியா?" என்று கேட்கிறார் அவர்.

"நம்பறேன்," என்கிறார் மனைவி. அழுகிறார். "நீங்க குடிச்சிருந்தா சண்டை போட்டாவது நிறுத்தியிருப்பேன். இப்ப நம்ம பொண்ணுக்காக நான் யார்கூடப் போய்ச் சண்டை போடறது?"

இதற்கு அவர் என்ன பதில் சொல்வார்? எழுதி எழுதி அடித்துவிட்டேன், ஒன்றும் தேறவில்லை. பஸ் வேறு வந்துகொண்டிருக்கிறது. உங்களுக்குக் கல்யாணமாகியிருந்தால், அவர் சார்பில் ஏதாவது சொல்லுங்களேன்.