கேள்விக்குறிக்குள் ஒரு வரி

"சாப்பிட்டுட்டா வந்தீங்க?" என்று கேட்டபடியே நர்ஸ் ஃபைலை மூடினார். அப்பாவின் வயிற்றில் இருப்பது வெறும் புண்ணா, கட்டியா என்று குழாய் விட்டுப் பார்க்கும் நாள் அது. இனி ஏழு வாரம் கழித்துத்தான் தேதி.

"வெறும் வயித்தோட வரணும்னு வெப்சைட்ல போட்டிருக்கே, படிக்கலையா?"

"வயசாயிடுச்சும்மா. கண்ணுல படாம போயிருக்கும்," என்றார் அப்பா.

நாற்பது வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவர் அவர். ஒரு புள்ளி விட்டுப்போனாலும் பக்கத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார். அவர் கூனிக் குறுகி நின்றதைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏனென்றால் அந்த வெப்சைட் பக்கத்தைச் செய்தவளே நான்தான். தேதிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கேள்விக்குறி. மவுஸின் அம்பை அதன்மேல் கொண்டுபோனால் அந்த வரி எட்டிப் பார்க்கும்; நகர்த்தினால் ஒளிந்துகொள்ளும். பக்கம் பளிச்சென்று இருக்கட்டும் என்றார் என் மேலாளர். நானும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டிவிட்டு நாலு வரி புரோகிராம் எழுதினேன். என் மேசையில், என் மவுஸை வைத்தே சோதித்தேன். விரலால் தொடும் போனில் அம்பே கிடையாது என்ற அரிச்சுவடி எனக்கு உறைக்கவில்லை.

வாசலுக்கு வந்ததும் மேலாளரைப் போனில் கூப்பிட்டேன்.

"மேல கொண்டுபோனா வருதேம்மா."

"எதை சார் கொண்டுபோறது? எங்கப்பா கையில விரல்தான் இருக்கு, எலி இல்ல."

"கோபப்படாத. அடுத்த மாசம் மாத்திக்கலாம்."

"அடுத்த மாசமா? அதுவரைக்கும் எத்தனை பேர் சாப்பிட்டுட்டு வந்து திட்டு வாங்கிட்டுப் போகணும்?"

வாட்ச்மேன் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினேன். கத்தக் கத்த, அவரை மட்டும் திட்டுவது பித்தலாட்டம் என்று தெரிந்தது. அந்த நாலு வரியைத் தட்டிய விரல்கள்தான் இப்போது போனைப் பிடித்திருந்தன. பாதியில் வைத்துவிட்டேன்.

அப்பா பெஞ்சில் உட்கார்ந்து தன் போனில் அதே பக்கத்தைத் திறந்திருந்தார்.

"மூணு தடவை படிச்சுட்டேன். எங்கதான் போட்டிருக்காங்க? நீயாவது காட்டேன்."

"அதை எழுதினது நான்தான்ப்பா," என்றேன். கேள்விக்குறியைக் காட்டினேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. கட்டைவிரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு அதை அழுத்தினார். ஒன்றும் வரவில்லை. பூட்டிய வீட்டின் அழைப்பு மணியை அழுத்துகிறவர் மாதிரி, நகம் வெளுக்க, மறுபடி அழுத்தினார்.