பீரோவுக்குள் ரவுட்டர்

குமரகுரு காலை ஆறு மணிக்கு எழுந்தான். கீசரைப் போட்டான். பல் தேய்த்தான். பால் பாக்கெட்டைக் கத்தரித்துப் பாத்திரத்தில் ஊற்றி அடுப்பில் வைத்தான். பால் காயும் வரை தரையில் உட்கார்ந்து, சமையல் மேடைக்கு அடியில் காய்ந்து ஒட்டியிருந்த இட்லி மாவைக் கரண்டிக் காம்பால் சுரண்டினான். பதினான்கு மாதமாகத் தினமும் ஒரு பொட்டு அளவுக்குச் சுரண்டுவது வழக்கம். ஆறு நாற்பதுக்கு வேணி பேசினாள்.

"ஏனுங்க, மொளகாப்பொடி டப்பாவ எங்க வெச்சீங்க?"

"ஜன்னல்கிட்ட," என்று சொல்லிவிட்டு அவன் பாலை இறக்கினான்.

வேணி இறந்து பதினான்கு மாதம் ஆகிறது. வீட்டில் நெட் மெதுவாக இருந்தது. அதனால் அவள் சொன்னவை இன்னும் வந்துகொண்டிருந்தன.

நாளுக்கு ஒரு வாக்கியம். அதற்குமேல் இணைப்பு தாங்காது. உயிரோடு இருந்தபோது வேணி ஒரு நாளைக்கு நானூற்றைம்பது வாக்கியம் பேசுவாள். ஆகவே இந்தப் பதினான்கு மாதமும் அவன் கேட்டுக்கொண்டிருந்தது, அவள் வீட்டில் இருந்த கடைசி நாளை மட்டும்தான். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆடியில் அந்த ஞாயிறு விடிந்தது. ஐப்பசியில், "உளுந்து ஊறுது, காலுல தட்டிராதீங்க" என்றாள். தையில், "லேசா மேலு சுடுது, ஒண்ணுமில்ல" என்றாள். வைகாசி முழுக்கக் கிரைண்டர் ஓடியது. இப்போது புரட்டாசி. அந்த ஞாயிற்றுக்கிழமையில் மாலை ஐந்தரை மணி. ஆறு மணிக்கு ஆட்டோ வரும்.

ஆட்டோ வந்தபோது நடந்தது குமரகுருவுக்கு நன்றாக நினைவிருந்தது. அவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அலுவலக மீட்டிங்கில் பேசியபடி வாசலில் நின்றான். வேணி வீட்டைப் பூட்டுவதற்கு முன்னால் திரும்பி அவனிடம் ஏதோ சொன்னாள். அவன் காதில் விழவில்லை. "சரி" என்றான். ஆட்டோவில் அவள் தூங்கிவிட்டாள். ஆஸ்பத்திரியில் நான்கு நாள் இருந்தாள். அங்கே அவள் பேசவில்லை.

எதற்குச் சரி சொன்னோம் என்று மட்டும் அவனுக்குத் தெரிய வேண்டியிருந்தது. அது வரிசையில் கடைசியாக வரும். வந்த பிறகு வேறெதுவும் வராது. அவன் அவசரப்படவில்லை.

ஏழு மணிக்கு மாடி வீட்டு தெய்வானை அக்கா கதவைத் தட்டினார். கையில் கரண்டி.

"ஏங்கண்ணு, மூணாவது விசில் இன்னும் வல்ல."

"தெரியுங்க்கா."

"கார்த்திகையில குக்கர் வெச்சேன். ரெண்டு விசில் வந்துச்சு. மூணாவது உங்கூட்டுக்காரி பேச்சுக்குப் பின்னால மாட்டியிருக்குது. ஒரே லைனுதானே ரெண்டு வீட்டுக்கும்."

"இறக்கி வெச்சுருங்களேன்."

"மூணு விசில் வராம பருப்ப எறக்குற வம்சமா நாங்க? அத உடு. இந்த மனுசனப் பாரு."

படிக்கட்டில் அவர் கணவர் ரங்கசாமி நின்றிருந்தார். இறங்கிக்கொண்டிருந்தவர் பொங்கலன்று பாதியில் நின்றுவிட்டார். வலது கால் அந்தரத்தில் இருந்தது. கையில் கத்தரிக்காய்ப் பை. முகத்தில் நல்ல சிரிப்பு. பேப்பர் போடுபவர் எல்லா வீட்டுப் பேப்பரையும் அவர் கையிடுக்கில் செருகிவிட்டுப் போவார். தெய்வானை அக்கா தினமும் அவருக்குத் தலை சீவிவிடுவார். தலைக்கு மேல் ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"சிரிச்சுக்கிட்டே நிக்கறாரு. எதுக்குச் சிரிச்சாருன்னு நானும் ஒம்பது மாசமாக் கேக்கறேன். ஒரு நல்ல ரவுட்டரு வாங்கிப் போடு கண்ணு. உன்னையக் கையெடுத்துக் கும்பிடறேன்."

கரண்டியோடு கும்பிட்டார். குமரகுரு சட்டையை மாட்டினான்.

முதலில் நெட் கம்பெனியின் புகார் அலுவலகத்துக்குப் போனான். அங்கே ஒரே ஒரு நடைவழி. வேகமாக நடந்தால் அது நீளும். மெதுவாக நடந்தாலும் நீளும், ஆனால் வழியில் பெஞ்சு போட்டிருந்தார்கள். மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்தபோது ஜன்னல் அவனிடம் வந்தது. உள்ளே கண்ணாடி போட்ட ஒரு அம்மா இருந்தார். படிவத்தை நீட்டினார்.

படிவத்தில் இரண்டு கேள்விகள். வீட்டில் பேசுபவர் யார். வீட்டில் கேட்பவர் யார். அவன் எழுதிக் கொடுத்தான்.

அந்த அம்மா திரையைப் பார்த்தார். "டவுன்லோடு நாளுக்கு ஒரு வாக்கியம். வரிசைல இன்னும் முப்பத்தியொண்ணு இருக்குது. அப்பறம் ஒரு விசில். அப்பறம் ஒரு வலது கால்."

"சரிங்க."

"அப்லோடு பூஜ்யம்."

"அப்படின்னா?"

"நீங்க சொன்னது எதுவும் அந்தப் பக்கம் போகலீங்க."

"பதினாலு மாசமாவா?"

"பதினாலு மாசமா."

குமரகுரு யோசித்துப் பார்த்தான். ஜன்னல்கிட்ட என்று சொல்லியிருந்தான். ஆமா என்று சொல்லியிருந்தான். பலமுறை சரி என்று சொல்லியிருந்தான்.

"பரவால்லீங்க. நான் பெருசா ஒண்ணும் சொல்லல."

"வர்றவங்க எல்லாருமே அப்படித்தான் சொல்றாங்க." முத்திரை குத்தினார். "ரவுட்டர மாத்திப் பாருங்க. இன்னைக்குச் சந்தை."

திரும்பும்போது நடைவழி நான்கே அடிதான் இருந்தது.

ரவுட்டர் சந்தை அவிநாசி சாலையைத் தாண்டி ஒரு பொட்டல் மைதானத்தில் கூடியிருந்தது. வரிசையாக முளை அடித்து ரவுட்டர்களைக் கட்டியிருந்தார்கள். சில படுத்திருந்தன. சில விளக்கைச் சிமிட்டி வைக்கோல் தின்றன. ஆறு கொம்பு வைத்த கறுப்பு ரவுட்டர் ஒன்று கயிற்றை இழுத்துக்கொண்டு நின்றது. குமரகுரு அதன் எதிரே நின்றான்.

"கொம்பப் பாத்து ஏமாறாதீங்க சாமி."

சொன்னவர் தரகர் வெள்ளியங்கிரி. தோளில் பச்சைத் துண்டு. காதில் ஒரு நெட் கேபிளின் நுனியைச் செருகியிருந்தார்.

"ஆறு கொம்பு இருந்தா வேகமா ஓடும்னு சொல்லுவான். கொம்பா ஓடுது? வீடு எத்தன அறை?"

"ரெண்டு."

"ஆளு?"

குமரகுரு விரல் விட்டு எண்ணினான். "பேசறவங்க ஒருத்தர். கேக்கறவங்க ஒருத்தர்."

"போதும். ரெண்டு பேருக்கு ஆறு கொம்பு எதுக்கு?" வெள்ளியங்கிரி அவனை ஓரமாக நின்ற ஒரு வெள்ளை ரவுட்டரிடம் கூட்டிப்போனார். அதைத் திருப்பி முதுகைப் பார்த்தார். விரலால் தடவினார். "சுழி சுத்தம். பின்னால சுத்துற சுழி இருந்தா வீட்ல எதுவும் ஓடாது, சுத்திக்கிட்டே நிக்கும். இதுக்கு அது இல்ல. ரெண்டு அலை. பக்கத்துல இருந்தா வேகமா ஓடும், செவுரு தாண்டணும்னா நிதானமா ஓடும். சூடு தாங்கும். மாசக்கணக்குல ஓடுனாலும் நிக்காது. தொட்டுப் பாருங்க."

குமரகுரு தொட்டுப் பார்த்தான். இளஞ்சூடாக இருந்தது. லேசா மேலு சுடுது என்று நினைத்தான்.

வெள்ளியங்கிரி துண்டை எடுத்து இருவர் கையின்மேலும் போட்டார். துண்டுக்கு அடியில் அவன் விரல்களைப் பிடித்தார். இந்தச் சந்தையில் வேகத்தை வாயால் சொல்ல மாட்டார்கள். இரண்டு விரலைப் பிடித்து அழுத்தினார். குமரகுரு ஒரு விரலை மட்டும் கொடுத்தான்.

"ஒண்ணா? ஊரே அஞ்சு விரல் கேக்குது சாமி. உங்களுக்கு வேகம் வேண்டாமா?"

"நல்ல ரவுட்டரா இருக்கணும். ஆனா ரொம்ப வேகமா இருக்கக் கூடாது."

வெள்ளியங்கிரி துண்டுக்கு அடியில் கையை எடுக்காமல் அவன் முகத்தைப் பார்த்தார். முப்பது வருஷமாகத் தரகு செய்பவர்.

"வரிசைல எத்தன இருக்குது?"

"முப்பத்தியொண்ணு."

"சேரி. நானே கூட வாறேன். வீட்டப் பாக்காம விக்கற பழக்கம் எனக்கு இல்ல."

மூவரும் பஸ்ஸில் வந்தார்கள். ரவுட்டர் ஜன்னலோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது. கண்டக்டர் அதற்கு அரை டிக்கெட் கிழித்தார்.

வீட்டில் வெள்ளியங்கிரி வாசல் கம்பத்திலிருந்து வந்த கேபிளைக் கையில் பிடித்துக்கொண்டே நடந்தார். கேபிள் கூடத்தைக் கடந்தது. ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் போனது. படுக்கையறைக்குள் நுழைந்தது. இரும்புப் பீரோவின் இடுக்கு வழியாக உள்ளே போய்விட்டது. அவர் நின்றார்.

"ரவுட்டரு எங்க சாமி?"

"உள்ள."

"பீரோக்குள்ளயா?"

"என் மனைவி வெச்சாங்க."

இறப்பதற்கு முந்தைய வருஷம் ஆயுத பூஜைக்கு வேணி கிரைண்டருக்கும் ஸ்கூட்டருக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாள். ரவுட்டருக்கும் வைத்தாள். ஒரு முழம் மல்லிகை சுற்றினாள். 'இது நின்னா உங்களுக்கு மூச்சே நின்னு போகுதே, அப்ப வீட்லயே வெல ஒசந்த நகை இதுதான்' என்று சொல்லி, பீரோவில் பட்டுச் சேலைகளுக்கு நடுவில் வைத்துக் கதவைச் சாத்தினாள். அவளுக்கு நியாயமாகப் பட்டது. அப்போது அவனுக்கும் நியாயமாகத்தான் பட்டது.

வெள்ளியங்கிரி பீரோவின் கதவில் காதை வைத்துக் கேட்டார். உள்ளே ஏதோ விட்டுவிட்டுத் தட்டியது.

"பாவம். உள்ளார நின்னு இத்தன நாளும் கத்திக்கிட்டிருக்குது. சுத்தியும் இரும்பு. காத்தே போகாது, இதெங்க போகும்? எப்பத்துலேருந்து கதவு தொறக்கல?"

"பதினாலு மாசம்."

"சேலை எடுக்கக்கூடவா?"

"சேலை கட்டறவங்க இல்லீங்களே."

வெள்ளியங்கிரி துண்டை உதறித் தோளில் போட்டார். "அப்பப் புது ரவுட்டரு உங்களுக்கு வேண்டாம் சாமி. பழசே நல்ல சாதி. எடந்தான் தப்பு. வெளிய எடுத்து, கூடத்து நடுவுல, ஆளு ஒசரத்துக்கு வெச்சாப் போதும். ஃப்ரிட்ஜுப் பக்கம் வேண்டாம்."

"நீங்களே எடுத்து வெச்சுருங்க."

"தொழுவத்துக் கதவ வீட்டுக்காரருதான் தொறக்கோணும்."

வெள்ளை ரவுட்டர் பால்கனிக்குப் போய் துளசிச் செடியை முகர்ந்தது. குமரகுரு ஆணியில் தொங்கிய சாவியைப் பார்த்தான்.

"தொறந்தா எல்லாமே வந்துருமா?"

"பத்து நிமிசத்துல."

"அப்பறம்?"

"அப்பறம் லைன் சுத்தமா இருக்கும். நல்ல வேகம்."

"தொறக்கலன்னா?"

"இன்னும் முப்பத்தியோரு நாளு ஓட்டலாம். வரும்போது பாத்தேன், படிக்கட்டுல ஒரு கால் அந்தரத்துல நிக்குதே, அதுக்கு வலிக்குமான்னு எனக்குத் தெரியாது."

மாடியில் தெய்வானை அக்கா சீப்பைத் தட்டும் சத்தம் கேட்டது. சீவி முடித்துவிட்டு அவர் வழக்கமாகப் பாடுவார். இன்று பாடவில்லை.

குமரகுரு சாவியை எடுத்தான். பீரோவைத் திறந்தான். நாப்தலின் உருண்டை வாசனை வந்தது. சேலைகளுக்கு நடுவில் ரவுட்டர் குங்குமப் பொட்டோடு நின்றிருந்தது. மல்லிகை நாராகியிருந்தது. அவன் அதைத் தூக்கி வந்து கூடத்து நடுவில் ஸ்டூல்மேல் ஸ்டூல் போட்டு வைத்தான். கொம்பு இரண்டையும் நிமிர்த்தினான். விளக்கு சிவப்பிலிருந்து பச்சைக்கு வந்தது.

அவன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். வெள்ளியங்கிரியும் உட்கார்ந்தார், துண்டை விரித்து.

"ஜன்னல்கிட்டயா? அங்க இல்லையே," என்றாள் வேணி.

குமரகுரு நிமிர்ந்தான்.

"அப்லோடும் வந்துருச்சுங்க," என்றார் வெள்ளியங்கிரி.

"ஆ, இருக்குது இருக்குது. கண்ணாடி போடாம தேடுனேன். ஏனுங்க, அந்தச் சட்டை வேண்டாம். டாக்டரு உங்களத்தான் நோயாளின்னு நெனச்சுக்குவாரு."

"மாத்திக்கறேன்," என்றான் குமரகுரு. எழுந்துபோய் நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தான்.

"ஹாங், இது நல்லாருக்குது. செருப்ப மாத்திப் போட்டிருக்கீங்க பாருங்க எஞ்சினியரே. காய்ச்சலு எனக்கா உங்களுக்கா?"

வெள்ளியங்கிரி சிரித்தார். குமரகுருவும் சிரித்தான். அது எப்படி வந்தது என்று அவனுக்குத் தெரியவில்லை. கன்னம் வலித்தது.

"மைக்க மூடிட்டுத்தான் பேசறீங்களா? நான் திட்டறது உங்க மேனேஜருக்கெல்லாம் கேக்கும்."

"கேக்கட்டும்," என்றான். இதைச் சொல்ல அவனுக்குப் பிடித்திருந்தது. மறுபடியும் சொன்னான். "கேக்கட்டும் வேணி."

வாக்கியங்கள் வந்துகொண்டே இருந்தன. இன்ஷூரன்ஸ் கார்டு. தண்ணீர் பாட்டில். ஆட்டோக்காரர் வேகமாகப் போனால் அவன் திட்டக்கூடாது, அவளே திட்டிக்கொள்வாள். கேஸை மூடியாயிற்று. கேஸை மூடினேனா? மூடியாயிற்று. ஒவ்வொன்றுக்கும் அவன் பதில் சொன்னான். முழு வாக்கியமாகச் சொன்னான். வெள்ளியங்கிரி துண்டில் முடிச்சுப் போட்டு எண்ணினார். முப்பது முடிச்சு ஆயிற்று.

பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. பச்சை விளக்கு அசையாமல் எரிந்தது.

"பின்னால நிக்கறவங்க அவசரப்படறாங்களாட்ட இருக்குது," என்றார் வெள்ளியங்கிரி. "உங்க ஊட்டுக்காரங்க முந்தி உடறாங்க. நல்ல மனசு."

மாடியில் மூன்றாவது விசில் அடித்தது. நீளமாக அடித்தது. தெய்வானை அக்கா கூவினார். படிக்கட்டில் ஒரு கால் சத்தமாக அடுத்த படியைத் தொட்டது.

"ஏன்டி, கத்தரிக்கா வதங்கிப் போச்சு!" என்று ரங்கசாமி கத்தினார்.

"போனாப் போவுது! மொதல்ல எதுக்குச் சிரிச்சீங்கன்னு சொல்லுங்க!"

"மறந்து போச்சு!"

இருவரும் படிக்கட்டில் உட்கார்ந்து சிரிக்கும் சத்தம் கேட்டது. ஒன்பது மாதப் பேப்பர்களும் சரிந்து விழுந்தன.

வாசலில் ஆட்டோ ஹாரன் அடித்தது. பதினான்கு மாதத்துக்கு முந்தைய ஹாரன். குமரகுரு எழுந்து வாசலுக்குப் போய், அன்று நின்ற இடத்தில் நின்றான். இரண்டு காதையும் தொட்டுப் பார்த்தான். எதுவும் மாட்டியிருக்கவில்லை. வீட்டுக்குள் திரும்பி நின்றான்.

வேணி சொன்னாள்:

"மாவு பொங்கி வழிஞ்சுரும், காலைல எந்திரிச்சதும் எடுத்து ஃப்ரிட்ஜுல வெச்சுருங்க, கேக்காமயே சரின்னு மண்டைய ஆட்டாதீங்க."