ஐஸ் கட்டுனா கேஸ் கம்மி

பினாங்குல ஹீட்டர்னா குளிக்கிற தண்ணிக்குத்தான். வீட்டையே சூடு பண்ணணும்னு இங்க யாராவது சொன்னா, காய்ச்சலான்னு நெத்தியத் தொட்டுப் பாப்பாங்க. எம் புருஷன் அர்ஜுனன் ஏர்கோன் வேலைக்காரரு, ஏசி மாட்டுறது, கழுவுறது. எங்க பாயான் பாருவுல பாதி வீட்டு ஏர்கோன் அவரு கையால கழுவுனதுதான். ஆனா சூடா ஊதுற ஏர்கோன் ஒண்ணக்கூட அவரு கண்ணால பாத்ததில்ல. அத மட்டும் அவருகிட்ட யாரும் சொல்லிற முடியாது. சொன்னா அன்னிக்கு வீட்டுல ஒருத்தருக்கும் சோறு இறங்காது.

எங்க ஒரே மக லோகேஸ்வரி, லோகான்னு கூப்பிடுவோம், ஆஸ்திரேலியாவுல இருக்கா. கேன்பரா. இங்க வெயில் கொளுத்துற ஜூன் மாசத்துல அங்க பல்லு கிட்டிக்கிற குளிரு. அவ கட்டிக்கிட்டது கஜன. யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பம், பினாங்குலயே வசதியானவங்க இருக்குற புலாவ் தீக்குஸ்ல வீடு. சம்பந்தி பரமநாதன் பேங்க்ல பெரிய ஆளா இருந்து ஓய்வு வாங்கினவரு. கல்யாணத்தன்னிக்கு அவரு சொந்தக்காரங்ககிட்ட எம் புருஷன எப்படிக் காட்டுனாரு தெரியுமா? "பொம்பிளையின்ர தகப்பன். டெக்னிக்கல் லைன்ல இருக்கிறார்." ஏர்கோன் வேலைன்னு சொன்னா வாய் வெந்துருமா? எம் புருஷன் அன்னிக்கு இலையில கை வச்சதோட சரி, சாப்பிடாம எந்திரிச்சுட்டாரு.

அதனாலதான் போன வருஷம் மே மாசம் லோகா கூப்பிட்டு, "அப்பா, குளிர் வரப்போவுது, ஏர்கோன ஹீட்டருக்கு ரெடி பண்ணணும், எப்படிப்பா?"ன்னு கேட்டப்ப மனுஷனுக்குத் தல கால் புரியல. வீடியோ கோல்னு சொன்னதும் குளிச்சு, தீபாவளிக்கு எடுத்த நீலச் சட்டையப் போட்டுக்கிட்டு உக்காந்துட்டாரு. ஏன்னா அந்தப் பக்கம் பரமநாதனும் சம்பந்தியம்மா யோகலட்சுமியும் இருந்தாங்க. பேரனப் பாத்துக்கன்னு போயிருந்தாங்க.

"பில்டரக் கழட்டும்மா. சும்மா தண்ணியில கழுவு, அழுக்கு போவலன்னா கொஞ்சமா சோப்பு. நிழல்ல காய வை, வெயில்ல போட்டா கோணிக்கும். வெளிய இருக்குற கம்ப்ரசர் பெட்டியச் சுத்தி சருகு கிடந்தா அள்ளிரு. அது மூச்சு விடணும் லா."

லோகா ஒவ்வொண்ணா செஞ்சா. ரிமோட்ல சூரியன் படம் வர்ற வரைக்கும் அமுக்கச் சொன்னாரு. அந்தச் சூரியன அவரே அன்னிக்குத்தான் மொதல் தடவயா பாக்குறாரு, எனக்குத் தெரியும். கொஞ்ச நேரத்துல, "சூடா வருதுப்பா!"ன்னு கத்துனா. பரமநாதன் போனுக்குள்ள தலைய நீட்டி, "வெரி குட்"னாரு. அந்த வெரி குட்ட வச்சே எம் புருஷன் ஒரு வாரம் பசியாறுனாரு.

ஜூன்ல ஒரு காலையில மறுபடியும் கோல். லோகா போன வெளிய எடுத்துட்டுப் போயி காட்டுனா. கம்ப்ரசர் பெட்டி முதுகு பூரா வெள்ளையா ஐஸ். உள்ள சூடு நின்னு நின்னு வருதாம். நிக்கிற நேரத்துல பெட்டியிலேர்ந்து புகையாட்டம் ஆவி கிளம்புதாம்.

"ஐயோ, ஆஃப் பண்ணு! ஐஸ் கட்டுனா கேஸ் கம்மி. எங்கயோ லீக்கு. பச்சப்புள்ள இருக்குற வீடு, ஆள் வந்து பாக்குற வரைக்கும் தொடாத!"

கஜன் பொறுமையாத்தான் சொன்னான், பொய் சொல்லக்கூடாது. "மாமா, புக்ல போட்டிருக்கு. வீட்டுக்குள்ள சூடு ஊதுறப்போ வெளிப்பெட்டி குளிர்ந்து ஐஸ் கட்டுமாம். அதுவே கொஞ்ச நேரம் நின்னு கரைச்சுக்குமாம். நார்மல்தான்."

"புக்கு எழுதுனவன் ஏணியில ஏறிருக்கானா தம்பி? நான் எத்தன ஐஸ் பாத்திருக்கேன் தெரியுமா?"

பாத்தது நெசம்தான். எல்லாம் பினாங்கு ஐஸ். இந்த ஊரு ஏர்கோன்ல அப்படி ஐஸ் கட்டுனா அவரு சொல்றதுதான் சரி. அந்த ஊருல மெஷின் தலைகீழா வேல செய்யும்னு இவருக்கு யாரு சொன்னா?

லோகா புருஷனப் பாத்தா, மாமனாரப் பாத்தா, போன்ல இருந்த அப்பாவப் பாத்தா. "அப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும்"னு சொல்லிட்டு சுவிட்ச அணைச்சுட்டா.

ஒரு வாரத்துக்கு மேல ஆச்சு. அப்புறம் கூப்பிட்டா. "ஆள் வந்து பாத்தாச்சுப்பா. நீங்க சொன்னதுதான். லீக்கு. கேஸ் ஏத்திட்டாங்க."

அவரு மூஞ்சியப் பாக்கணுமே! கோப்பிக்கடையில சொன்னாரு, கோயில்ல சொன்னாரு, ஏர்கோன் கழுவப் போன வீட்டுலெல்லாம் சொன்னாரு. "போன்லயே கண்டுபிடிச்சேன் லா. அந்த ஊருக்காரனுக்கே தெரியல." எனக்கும் பெருமையாத்தான் இருந்துச்சு. டெக்னிக்கல் லைனாம், இப்ப பாருங்கடான்னு மனசுக்குள்ள கறுவிக்கிட்டேன்.

சம்பந்திங்க செப்டம்பர்ல திரும்பி வந்தாங்க. சாப்பிட வரச் சொல்லி அவங்களே கூப்பிட்டாங்க. நீலச் சட்டையிலதான் வந்தாரு எம் புருஷன். பேரன் படத்தையெல்லாம் பாத்து முடிச்சதும், நான் அடுப்படிப் பக்கம் போனேன். யோகலட்சுமி அப்பளம் பொரிச்சுக்கிட்டு இருந்தாங்க. கதவ லேசா சாத்துனாங்க.

"ரமணி, ஒண்டு சொல்லுவன், கோவிக்காதேங்கோ. அந்த ஏர்கோனுக்கு ஒண்டுமே இல்லை. பாக்க வந்த பொடியன், ஆர் இதை நிப்பாட்டச் சொன்னது எண்டு கேட்டுச் சிரிச்சுப்போட்டுப் போனவன். லோகாதான், 'நான் பிழையா விளங்கிட்டன்' எண்டு பழியைத் தன்ர தலையில போட்டவள். அவ்வளவு நாளும் நாங்கள் குளிருக்க கிடந்தம். பிள்ளைக்கு இருமல். பிறகு அவள் எங்களைக் கும்பிட்டுக் கேட்டவள், அப்பாட்ட சொல்லிப்போடாதேங்கோ எண்டு. நாங்கள் சொல்லேல்லை. பாவம் மனுசன்."

பாவம் மனுசன்! அந்த டெக்னிக்கல் லைனே தேவல போல இருந்துச்சு எனக்கு. அது வெளிய தெரிஞ்ச அவமானம், இவரு இலைய விட்டு எந்திரிச்சாவது வந்தாரு. இது என்னா? எம் மக இவங்க முன்னாடி கை கூப்பியிருக்கா. அப்பளத்தட்டத் தூக்கிட்டு வெளிய வந்துட்டேன், வேற என்ன செய்றது.

வரவேற்பறையில எம் புருஷன் முழு வேகத்துல இருந்தாரு. "ஐஸப் பாத்த உடனே எனக்குத் தெரிஞ்சுருச்சு சம்பந்தி. கேஸ் ஏத்துன பெறகு எப்படி ஓடுது?"

"ஓம், ஓம். நல்லா ஓடுது. உங்கட அனுபவம் எல்லோ," பரமநாதன் தலையாட்டுனாரு. சின்னப்புள்ள பாட்டு ஒப்பிக்கிறப்ப பெரியவங்க தலையாட்டுவாங்கள்ல, அதே மாதிரி.

வர்ற வழியில காடிய ஓட்டிக்கிட்டே எம் புருஷன் சொன்னாரு: "பாத்தியா ரமணி, இப்பதான் அந்த மனுஷனுக்கு என் மரியாத தெரிஞ்சிருக்கு." நான் ஜன்னல் பக்கம் திரும்பிக் கடலப் பாத்துக்கிட்டே வந்தேன். சொல்லிறலாமான்னு நாக்கு வரைக்கும் வந்துச்சு. அவரு விசிலடிச்சுக்கிட்டு ஓட்டுனாரு.

இந்த வருஷமும் மே மாசம் வந்துச்சு. சனிக்கிழமையானா நீலச் சட்டை. போன சார்ஜ் போட்டு மேசையில நேரா நிப்பாட்டி வச்சுருவாரு. "லோகா மறந்துட்டா போல. குளிர் வந்துருமே. பில்டரயாச்சும் கழுவணுமே"ன்னு அவராவே பேசிக்குவாரு. நீங்களே கூப்பிடுங்களேன்னா, "அவ கேக்கட்டும்"பாரு. எனக்குப் பொறுக்கல. அடுப்படியில நின்னு மெதுவா லோகாவக் கூப்பிட்டேன்.

"ஒரே ஒரு தடவ அப்பாகிட்ட கேளுடி. தெரிஞ்சதையே கேளு."

"வேணாம்மா. கஜன் போன வாரமே எல்லாம் பண்ணி முடிச்சுட்டாரு. அப்பா ஏதாவது சொல்லுவாரு, எனக்கு மாட்டேன்னு சொல்ல வராது. மறுபடியும் இவரு குடும்பத்து முன்னாடி என்னால நிக்க முடியாதும்மா." அழுதுட்டா. திட்டணும்னுதான் வாயெடுத்தேன். என்னான்னு திட்டுறது? பெத்த அப்பனுக்காகக் குளிர்ல கிடந்தவள.

வெளிய வந்தேன். போன் பக்கத்துலயே உக்காந்திருந்தாரு. "லோகாவா? ஹீட்டரு பத்தி கேட்டாளா?"

யோகலட்சுமிய நான் எத்தன நாளு மனசுக்குள்ள வறுத்து எடுத்திருக்கேன். அந்தப் பொம்பள மறைச்ச மாதிரியே இப்ப நானும் மறைச்சேன். "நீங்க கேஸ் ஏத்தச் சொன்னதுலேர்ந்து மெஷின் ஜோரா ஓடுதாம். ஒரு குறையும் இல்லையாம். இந்த வருஷம் ஒண்ணுமே செய்ய வேண்டியதில்லன்னா."

"சொன்னேன்ல?"ன்னு சிரிச்சாரு. தொடையத் தட்டிக்கிட்டாரு. போன்லேர்ந்து சார்ஜரக் கழட்டுனாரு. சிரிப்பு மெல்ல இறங்குச்சு.

"அப்ப இனிமே எங்கிட்ட கேக்குறதுக்கு ஒண்ணும் இல்ல."

எந்திரிச்சுப் போயி, நீலச் சட்டையக் கழட்டி, அலமாரியில மாட்டிட்டு வந்தாரு.