ஹார்வுட்டின் இருபதாம் கடிதம்

சுகன்யாதேவி மெல்லிய எலும்புத் தகட்டை அரக்கு முத்திரைக்கும் தாளுக்கும் நடுவில் நுழைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டாள். முந்நூற்றைம்பது வருடத்துக்கு மேலாக யாரும் பிரிக்காத கடிதம். ஜெர்மனியின் ஹம்பர்க் நகரில் இந்த ஆவணக் காப்பகத்துக்குப் பழந்தாள்களைச் செப்பனிட அவள் வந்து இருபத்திரண்டு வருடமாகிறது. பூச்சி அரித்தது, வெள்ளத்தில் ஊறியது, நெருப்பில் தப்பியது எல்லாவற்றையும் தொட்டிருக்கிறாள். யாருமே பிரிக்காத ஒன்றைத் தொடுவது இதுவே முதல் தடவை.

மேசைக்கு அந்தப் பக்கம் தேஜஸ்வினி நின்றாள். கோயம்புத்தூர்க்காரி, பான் நகரில் இருந்துகொண்டு பழைய வணிகர்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள். இவள் தாளை நிமிர்த்திக் கொடுப்பாள், அவள் அந்தக் காலத்துக் கோழிக்கிறுக்கலை வாசித்துத் தமிழில் சொல்வாள். இரண்டு மாதம் இப்படிப் போனதில், கடிதங்களை எழுதிய நத்தானியேல் ஹார்வுட் இருவருக்கும் தெரிந்த ஆளாகிவிட்டான்.

கம்பளித் துணி வியாபாரம் பழகப் பதினேழு வயதில் இங்கிலாந்திலிருந்து ஹம்பர்க்குக்கு வந்தவன். இங்கேயே தொழில் பிடித்து, இங்கேயே கத்தரீனா என்ற பெண்ணைக் கட்டி, முப்பது வருடம் இருந்துவிட்டான். அண்ணன் செத்து, குடும்ப நிலம் இவன் பேருக்கு வந்ததும் திரும்பிப் போனான். ஒரு வருடத்தில் வந்துவிடுவேன் என்றுதான் போனான். ஊர்க்காரர்கள் அவனைப் பிடித்துப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிவிட்டார்கள். கத்தரீனா கடல் தாண்ட மறுத்துவிட்டாள். அதன் பிறகு கடிதங்கள்தான். அவள் குடும்பத்து வீடு போன வருடம் கைமாறியபோது பரணில் ஒரு பெட்டிக்குள் இருபதும் கிடந்தன. பத்தொன்பது வாசிக்கப்பட்டு, மடிப்பெல்லாம் தேய்ந்திருந்தன. இருபதாவது மட்டும் பிரிக்கப்படவில்லை.

"ஏன் அக்கா பிரிக்கல? ஒருவேளை இறந்துட்டாங்களோ?"

"இல்லைப் பிள்ளை. அதுக்குப் பிறகும் ஒன்பது வருசம் இருந்திருக்கிறா. தேவாலயப் பதிவில கிடக்கு."

சுகன்யாதேவி எலும்புத் தகட்டை மெல்ல நகர்த்தினாள். கோபத்தில் இருக்கும் பெண் ஒரு காகிதத்தை எடுத்து, பார்த்து, பெட்டிக்குள் போட்டு மூடுவதை அவளால் நேரே காண முடிந்தது. அவளுடைய புருசன் குமாரசாமி ஹம்பர்க்கின் அல்டோனாப் பகுதியில் இருபத்தேழு வருடம் மரக்கறிக்கடை நடத்தியவன். தகப்பன் வீட்டுக் கூரையைத் திருத்த ஆறு மாதம் என்று சொந்த ஊரான அளவெட்டிக்குப் போனான். இலங்கைப் பாஸ்போர்ட்டைக் கடைசிவரை கைவிடாத மனிதன், அங்கே பிரதேச சபைத் தேர்தலில் நின்றுவிட்டான். அதை அவளிடம் சொல்லவில்லை. யாரோ பேஸ்புக்கில் போட்ட சுவரொட்டிப் படத்தில் அவன் கைகூப்பி நின்றதைப் பார்த்துத்தான் அவளுக்குத் தெரியவந்தது. வென்றும்விட்டான். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் போனில் கூப்பிட்டால் அவள் சொல்வது, "ஓம்", "சரி", "வைக்கிறன்". அவ்வளவுதான்.

அரக்கு முழுசாகக் கழன்று வந்தது. தாளை நீவி விரித்தாள். உள்ளே மை நேற்று எழுதினதுபோலக் கறுப்பாக இருந்தது.

தேஜஸ்வினி முதலில் தனக்குள் வாசித்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"சபையில துணி வரியப் பத்திப் பேசியிருக்கார். நடுவுல தெரியாம ஜெர்மன் வார்த்தை வந்துடுச்சு. எல்லாரும் சிரிச்சுட்டாங்களாம். மறுநாள் விடியக்காலம் ஆத்தங்கரைக்குப் போனேன், ஹம்பர்க் கப்பல் ஒண்ணு நின்னுது, அந்தத் தார் வாசனைக்காக நனைஞ்சுக்கிட்டே நின்னேன்னு எழுதறார். நம்ம வீட்டு அடுப்புப் பக்கத்து ஜன்னல் இன்னும் சத்தம் போடுதான்னு கேக்கறார்." நிறுத்தி, கடைசி வரியை இரண்டு தரம் பார்த்தாள். "நான் வரட்டுமா? ஒரே ஒரு வார்த்தை எழுது. பதில் வரலைன்னா இனிமே கேக்க மாட்டேன்."

"பிறகு?"

"அவ்ளோதான் அக்கா. அடுத்த வருஷம் லண்டன்ல இறந்துட்டார்."

சுகன்யாதேவி கடிதத்தின்மேல் மென்தாளை மூடினாள். "நான் சாப்பிட்டிட்டு வாறன்" என்று சொல்லிவிட்டு, சாப்பாட்டுப் பெட்டியை எடுக்காமலே கால்வாய்க் கரைக்கு இறங்கிப் போனாள். மழை தூறிக்கொண்டிருந்தது. பாலத்தடியில் ஒதுங்கி நின்று போனை எடுத்தாள். அளவெட்டியில் பின்னேரமாக இருக்கும்.

"தேவி? என்ன, ஏதும் பிரச்சினையோ?"

"ஒண்டுமில்லை. சும்மா எடுத்தனான். சபைக் கூட்டம் எப்பிடிப் போகுது?"

அவள் அவனிடம் ஒரு கேள்வி கேட்டு எத்தனை மாதம்.

"நேற்று குளத்து றோட்டுக் கதை வந்தது. அதிகாரியிட்டச் சந்திக்க நேரம் கேக்கப்போய், எனக்கொரு டெர்மின் தாங்கோ எண்டு ஜெர்மனில கேட்டிட்டன். சபை முழுக்கச் சிரிப்பு. இப்ப எனக்கு ஜெர்மன்காரன் எண்டு பேர்." அவனும் சிரித்தான், சிரிப்பு பாதியில் நின்றது. "அங்க மழையோ? துறைமுகத்தில குடைக்குள்ள நிண்டு மீன் வச்ச பாண் தின்னுவமே. அந்த ருசி இடைக்கிடை நாக்கில வருது, தேவி."

ஒரு சுற்றுலாப் படகு பாலத்தடியில் நுழைந்து வெளியேறியது. அவள் அது போகும்வரை பொறுத்திருந்தாள்.

"ஒருக்கா வந்திட்டுப் போங்கோவன்."

அவன் செருப்புச் சத்தம் முற்றத்துக்கு இறங்கியது. அதற்கும் பின்னால், எங்கோ ஒழுங்கை முனையில், பாண் ரொட்டி விற்கும் ஓட்டோவின் கீச்சுக் குரல் இசை தொடங்கியது. அது வீடு வீடாக நின்று, கிட்ட வந்து, அவன் வாசல் படலையடியில் உரத்து ஒலித்தது. இருவரும் போனை வைக்கவில்லை. அது அவனைக் கடந்து, சன்னமாகி, குளத்துப் பக்கம் திரும்பும்வரை அவள் மழைச் சத்தத்துக்குள் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றாள்.