விளக்கு ஆடவில்லை

எண்ணெய்த் தொட்டிக்குள் அமிழ்ந்திருந்த ஈயக்குண்டு கொஞ்ச நேரம் தயங்கி, பிறகு நின்றது. குரிஹாரா தெய்ஸோ மூச்சைப் பிடித்துக்கொண்டு அளவுப் பலகையின் முன் குனிந்தார். குண்டைத் தாங்கி மேல்தளத்தில் கட்டிய நூல் அத்தனை தளங்களின் திறப்புகள் வழியாகவும் இறங்கி, கப்பலின் அடிவயிற்றில் இருந்த இந்தச் சின்ன அறையில் முடிந்தது. விடிந்து அதிக நேரமாகவில்லை. காற்றே இல்லாத வேளை வேண்டும் என்பதற்காகத்தான் எல்லோரையும் இருட்டோடு எழுப்பியிருந்தார்கள். கப்பலின் ஆட்களில் பெரும்பாலோரைக் கரைக்கு அனுப்பியாயிற்று. மிச்சம் இருந்தவர்கள் நிற்கச் சொன்ன இடத்தில் நின்றார்கள். இருமலாம், தும்மலாம், காலை மட்டும் எடுத்து வைக்கக் கூடாது.

சோதனை பார்ப்பதற்குக் குழந்தை விளையாட்டு மாதிரி இருக்கும். மேலே இரும்புக் கட்டிகளை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாற்றுவார்கள். அத்தனை பெரிய போர்க்கப்பல் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சாயும். நூல் பலகையில் கொஞ்சம் நகரும். கொஞ்சமாக நகர்ந்தால் நல்ல கப்பல். அதிகமாக நகர்ந்தால் அதற்கு மேல்பாரம் கூடிவிட்டது என்று அர்த்தம். அப்படிப்பட்ட கப்பல் புயலில் ஒரு பக்கம் சாய்ந்தால் நிமிர்ந்து எழுந்திருப்பது சந்தேகம்.

அவருக்கு விளக்குப் பிடித்துக்கொண்டிருந்தவன் மித்சுவோ, அவர் மனைவி ஷிகேயின் தம்பி. அந்தக் கப்பலின் மாலுமி. இந்த அறைக்கு அவனை அனுப்பியது யார் என்று அவருக்குத் தெரியாது. உள்ளே வந்ததிலிருந்து இருவரும் ஒருவரையொருவர் தெரியாதவர்கள் போலவே இருந்தார்கள். கப்பலில் அதுதான் மரியாதை. போன ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் மூன்று கிண்ணம் சோறு தின்றுவிட்டு, "அத்தான், எங்க கப்பலோட புகைப்படம் வெளிநாட்டுப் பத்திரிகையில வந்திருக்காம். பார்த்தவன் எல்லாம் வயிறு எரியுறானாம்" என்று சிரித்தவன், இப்போது அவரை ஐயா என்று கூப்பிட்டான்.

நூல் நகர்ந்து நின்ற இடத்தைத் தெய்ஸோ பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். கணக்கில் வந்த கோட்டைத் தாண்டி, அடுத்த கோட்டையும் தாண்டி நின்றது.

அது எப்படி அங்கே போய் நின்றது என்று அவருக்குத் தெரியும். அதுதான் கொடுமை. வல்லரசுகள் கூடி உட்கார்ந்து, இந்த ரகக் கப்பல் பத்தாயிரம் டன்னுக்கு மேல் இருக்கக் கூடாது என்று கையெழுத்துப் போட்டிருந்தன. பத்தாயிரத்துக்குள் மற்றவன் எட்டுப் பீரங்கி வைத்தால் நாம் பத்து வைப்போம், மற்றவன் டார்பிடோவை நீக்கினால் நாம் கூட்டுவோம் என்று கடற்படைத் தலைமையகம் சொன்னது. வரைபட அறையில் எல்லோருக்கும் ரோசம் பொங்கியது. அதற்குப் பிறகு அதிகாரிகள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருவருக்குத் தொலைநோக்கிக்கு ஒரு மேடை, ஒருவருக்கு வரைபடம் விரிக்க ஒரு அறை, ஒருவருக்கு இன்னும் ஒரு விளக்கு. எல்லோரும் ஒரே மாதிரிதான் கேட்டார்கள், இது ஒன்றே ஒன்றுதானே என்று. கப்பலை ஓட்டும் மேடை அடுக்குமாடி வீடு மாதிரி எழும்பியது. வரைபட அறையில் ஒவ்வொரு பிரிவும், பின்னால் பழி வந்துவிடக் கூடாது என்று தன் பங்குத் தகட்டைக் கொஞ்சம் தடிப்பாகப் போட்டுக்கொண்டது. அத்தனை எடையையும் கூட்டிப் பார்க்கும் வேலை தெய்ஸோவுடையது. அவர் கூட்டினார். கூட்டியது பிடிக்காதபோது, அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சம் தட்டிச் சரிக்கட்டினார். யாரும் அவரை மிரட்டவில்லை. அவருக்கும் அந்தக் கப்பல் வேண்டியிருந்தது.

மார்ச் மாதத்தில் மேற்குக் கடலில் ஒரு சின்னப் போர்க்கப்பல் கவிழ்ந்தது. அதைக் கட்டியது வேறு ஊர், வரைந்தது வேறு ஆட்கள். ஆனால் நோய் ஒன்றுதான். கவிழ்ந்த வயிற்றைக் காட்டியபடி மிதந்த அதைத் துறைமுகத்துக்கு இழுத்து வந்தார்கள். ஷிகேயின் மூத்த தம்பி ரியோகிச்சி அதற்குள்ளே இருந்தான். சடங்குகள் முடிந்த அன்று ஷிகே ஒரே ஒரு முறை பேசினாள். "என்னங்க, உங்க வேலையப் பத்தி நான் கேக்க மாட்டேன். ரகசியம்னா ரகசியமாவே இருக்கட்டும். மித்சுவோ ஏறுற கப்பல் மட்டும் சரியா இருக்கணும்." தெய்ஸோ தலையைக் குனிந்துகொண்டார். அதை அவள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

ஏணியில் காலடிச் சத்தம் கேட்டது. தலைமை வடிவமைப்பாளர் ஹொத்தா இறங்கி வந்தார். அவர் பின்னால் கப்பலின் லெப்டினன்ட். ஹொத்தாதான் இந்தக் கப்பலின் முதல் கோட்டைப் போட்டவர். மார்ச்சுக்குப் பிறகு அவர் தலை முழுக்க நரைத்திருந்தது. நூலைப் பார்த்தார். குனிந்து கோடுகளை எண்ணினார்.

"மேல காத்து எழும்பிடுச்சு, குரிஹாரா. இன்னிக்கு இனி மறுபடி செய்ய முடியாது. நாளைக்குக் காலையில கப்பல் பயிற்சிக்குக் கிளம்புது" என்றார்.

"ஆமாங்க."

"இந்த அளவு சரியா எடுத்ததுதானா? ஏதாவது பட்டிருக்குமா? யாராவது அசைஞ்சாங்களா?"

அதட்டலாகக் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் வைத்தியரிடம் கேட்பது போல் கேட்டார். சோதனை கெட்டுவிட்டது என்று எழுதினால் பழைய கணக்கே நிற்கும். கப்பல் நாளை கிளம்பும். செப்டம்பர் மாதம், புயல் பிறக்கும் மாதம். சோதனை சரி என்று எழுதினால் கப்பல் பழுதுபார்க்கும் துறைக்குப் போகும். மேலே கட்டியதை எல்லாம் வெட்டி இறக்குவார்கள். கட்டியவர்கள் யார், கூட்டியவர் யார் என்ற கேள்வியும் கூடவே வரும்.

தெய்ஸோ நூலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தாங்க ஐயா. என் முழங்கால் பலகையில இடிச்சிடுச்சு. அது நகர்ந்திருக்கும்" என்றான் மித்சுவோ.

லெப்டினன்ட் அவன் முன்னால் வந்தார். ஓங்கி ஓர் அறை விட்டார். மித்சுவோ கடற்படை வழக்கப்படி விறைத்து நின்று நன்றி சொன்னான். ஹொத்தாவின் தோள்கள் தளர்ந்து இறங்கியதைத் தெய்ஸோ பார்த்தார். அந்த மனிதருக்கு மூச்சு வந்துவிட்டது. தனக்கும் அப்படித்தான் இருந்தது என்பதை நினைத்தால் பிற்பாடு அவருக்குக் கூசும். கொடுக்க வேண்டிய விலையைப் பையன் கொடுத்துவிட்டான். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். எல்லோரும் கரையேறிவிடலாம். மித்சுவோவைத் தவிர.

"இல்லை," என்றார் தெய்ஸோ. குரல் அவருடையது மாதிரியே இல்லை. "இவர் இடிக்கல. நான் நூலோட நிழலை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. காலை எடுத்திருந்தா கையில இருந்த விளக்கு ஆடியிருக்கும். விளக்கு ஆடல."

"நல்லா யோசிச்சுச் சொல்லு" என்றார் ஹொத்தா.

"அளவு சரிதாங்க. நம்ம கணக்குதான் தப்பு. என் கணக்கு."

ஹொத்தா நூலின் பக்கம் திரும்பிக்கொண்டார். "சரி. எழுதிக்கோ" என்றார்.

பொய் சொன்னதற்காக மித்சுவோவுக்கு விழுந்த இரண்டாவது அறை முதலாவதைவிடப் பலமாக இருந்தது.

சாயங்காலம் தெய்ஸோ மலைச்சரிவுப் படிகளில் ஏறி வீட்டுக்குப் போனபோது மித்சுவோ அவருக்கு முன்பே வந்து, கொல்லைத் தொட்டியில் முகம் கழுவிக்கொண்டிருந்தான். உதடு கிழிந்திருந்தது. ஒரு கன்னம் மொச்சைக்காய் மாதிரி வீங்கியிருந்தது.

"எதுக்கு அத்தான் அப்படிச் சொன்னீங்க?"

"நீ எதுக்குப் பொய் சொன்னே?"

"உங்க மூஞ்சியப் பார்த்தேன். சகிக்கல. ஒரு அறைதானே, வாங்கிக்கலாம்னு தோணுச்சு." தண்ணீரைத் துப்பினான். அதில் ரத்தம் இருந்தது. "கடைசியில ரெண்டா வாங்கிக் குடுத்துட்டீங்க."

தெய்ஸோவுக்கு அழுகை வந்தது. அதை மறைக்கச் செருப்பைத் தேடுவது போல் குனிந்தார். மித்சுவோவும் வேறு பக்கம் பார்த்தான்.

"அது நல்ல கப்பல் அத்தான். எங்க எல்லாருக்கும் அது உசிரு. அதை வெட்டப் போறாங்க. எங்களைப் பிரிச்சு எங்கெங்கே தூக்கிப் போடுவாங்களோ."

"தெரியும்."

"அதே அச்சுல கட்டின வேற மூணு கப்பலும் நாளைக்கு வெளிய போகுதே. அது?"

"அதையும் எழுதியிருக்கேன். இன்னிக்கே டோக்கியோவுக்குப் போயிருக்கும்" என்றார் தெய்ஸோ. அங்கே யாராவது அதைப் படிப்பார்களா என்று அவன் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

உள்ளே கானாங்கெளுத்தி மீன் சுடும் வாசனை வந்தது. ஷிகே வாசலுக்கு வந்து தம்பியின் முகத்தைப் பார்த்தாள். கடற்படையில் அறை வாங்காத முகம் ஏது? யார் அடித்தது என்று அவள் கேட்கவில்லை.

"நாளைக்கு எத்தனை மணிக்கு ஏறணும்? சோறு கட்டித் தரேன்" என்றாள்.

"வேணாம்க்கா. கப்பல் கிளம்பல."

அவள் கையில் இருந்த, மீன் புரட்டும் கோல் அப்படியே நின்றது. கணவன் முகத்தைப் பார்த்தாள். தெய்ஸோ தலையைக் குனிந்துகொண்டார், மார்ச்சில் குனிந்த அதே மாதிரி. அவள் உள்ளே போய் மீனை இறக்கிவைத்துவிட்டு, படுக்கை அலமாரியின் அடித்தட்டில் மருந்துப் பெட்டியைத் தேட உட்கார்ந்தாள். அங்கே கூரை விளக்கின் வெளிச்சம் எட்டாது. கைவிளக்கை ஏற்றித் தம்பியிடம் கொடுத்தாள்.

அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டே, "இவனை விளக்குப் பிடிக்கச் சொன்னா நம்பி உள்ள போகலாம்" என்றாள். "சின்ன வயசிலேருந்தே கை ஆடாது. ரியோகிச்சிதான், வேணும்னே ஆட்டி ஆட்டிச் சுவத்துல பேய் காட்டுவான்."

கீழே துறைமுகத்தில் காற்று வலுத்து, கதவுகள் சட்டத்துக்குள் கடகடவென்று அடித்துக்கொண்டன. பெட்டி கைக்கு வந்த பிறகும் ஷிகே எழுந்திருக்கவில்லை. முதுகைக் காட்டியபடி உட்கார்ந்தே இருந்தாள். அவள் தோள்கள் மட்டும் குலுங்கின. மித்சுவோ விளக்கை இறக்காமல் பிடித்துக்கொண்டிருந்தான். சுவரில் விழுந்த வெளிச்சத்தின் ஓரம் கோடு போட்டது போல் நின்றது.